ஆறு வயதில் முளைத்த பல்

குழந்தைகள் பல் பிரிவில் எல்லாருக்கும் அவள் கைப்பிடி அக்காதான். டாக்டர் ஊசி போடும்போதும் குறடை எடுக்கும்போதும் பிள்ளைகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்வது அவள் வேலை. பதினாறு வருடமாக அந்த நாற்காலிக்கு இடப்பக்கம் நின்றவள். கடித்தவர்களும் உண்டு, உதைத்தவர்களும் உண்டு. ஒரு வாண்டு அவளுடைய கண்ணாடியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "இப்ப பிடிங்க பார்க்கலாம்" என்று சவால்கூட விட்டது.

பெற்றவர்கள் கேட்பது எப்போதும் ஒன்றுதான். "பால் பல்லுதானே அக்கா? திரும்ப முளைச்சிடும்ல?"

"இல்லம்மா. இது ஆறு வயசுல பால் பல்லுக்கெல்லாம் பின்னாடி சத்தமில்லாம வர்ற கடைவாய்ப் பல். எதுவும் விழாம வர்றதால யாரும் கவனிக்கிறதில்ல. போனா போனதுதான்."

இதை ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை சொல்லுவாள்.

அவள் தங்கையின் புருஷன் கைகழுவிவிட்டுப் போய் நெடுநாளாகியிருந்தது. வயிற்றில் கட்டி என்று தெரிந்ததும் தங்கை ஒன்பது வயது மகளோடு அக்கா வீட்டுக்கு வந்தாள். ஒரு வருடம் படுக்கை. மருந்து, வாந்தி, துணி அலசுவது என்று வீடே அந்தக் கட்டிலைச் சுற்றித்தான் சுழன்றது. சிறுமி சோற்றை ஒரு பக்கமாக மென்று பாதியில் எழுந்துபோவாள். அம்மாவைப் பற்றிய கவலை என்று பெரியம்மா நினைத்துக்கொண்டாள்.

தங்கை இறந்து மூன்றாம் வாரம், சிறுமியின் கன்னம் வீங்கியிருந்தது. ஜன்னலோரம் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னாள் பெரியம்மா. கீழ்வரிசையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் குடைந்துபோய் ஓடு மட்டும் நின்றது.

"எப்பலேர்ந்துடி வலிக்குது?"

"முழுப் பரீட்சைக்கு முன்னாடிலேர்ந்து."

"சொல்ல வேண்டியதுதானே?"

"அம்மாவுக்கு அதைவிட வலிச்சுதே பெரியம்மா. நான் எப்படிச் சொல்றது?"

தினமும் முப்பது வாய்க்குள் எட்டிப் பார்த்தவள், தன் பக்கத்தில் படுத்துத் தூங்கிய பிள்ளையின் வாயைப் பார்க்கவில்லை. அன்று அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

வீக்கம் மருந்தில் வடிந்தது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "ரெண்டையும் எடுக்கணும்மா. பின்னாடி வரவேண்டிய பல் இன்னும் எலும்புக்குள்ளதான் இருக்கு. இப்ப எடுத்தா அது முன்னால நகர்ந்து இந்த இடத்தை அடைச்சுக்கலாம். உறுதியா சொல்ல முடியாது." பிறகு தயங்கி, "நீங்க வெளியில உக்காருங்க. வேற யாராவது பிடிச்சுக்கட்டும்" என்றார்.

"வேண்டாம் சார். நானே பிடிச்சுக்கறேன்."

இரண்டு பக்கமும் ஒன்றாக மரத்துப்போனால் நாக்கைக் கடித்துக்கொள்வாள் என்று முதலில் வலப்பக்கம் மட்டும் எடுத்தார்கள். ஊசி இறங்கியபோதும் சரி, குறடு பல்லை அசைத்தபோதும் சரி, அந்தக் கைகள் ஒருமுறைகூட இழுத்துக்கொள்ளவில்லை. "எவ்வளவு சமத்து!" என்றார் டாக்டர். யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்று ஒரு வருடம் பழகிய சமத்து அது.

இரண்டு வாரம் கழித்து இடப்பக்கம். நாற்காலி சாய்ந்ததும் பெரியம்மா குனிந்து, "அழணும்னா அழுடி கண்ணு. இங்க யாரும் ஒண்ணும் நினைக்கமாட்டாங்க" என்றாள்.

பல் கழன்று வந்து, பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்ன பிறகுதான் அது தொடங்கியது. வாய் நிறையப் பஞ்சோடு, "அம்மா... அம்மா..." என்று சிறுமி கேவினாள். சாவு வீட்டில்கூட அழாத பிள்ளை. டாக்டர் திரும்பிக்கொண்டு வெகுநேரம் கை கழுவினார். பெரியம்மா வாரி எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வெளியே காத்திருந்தவர்கள் காத்திருக்கட்டும்.

சிறுமியின் பன்னிரண்டு வயதில் இடப்பக்கம் பின்னாலிருந்த பல் நகர்ந்து வந்து இடைவெளியை மூடிக்கொண்டது. வலப்பக்கம் மட்டும் சாய்ந்து முளைத்து, சந்து விட்டுவிட்டது. சாப்பிட்டதெல்லாம் அதில் போய் மாட்டும்.

ஒருநாள் கண்ணாடி முன் நின்று அந்தச் சந்தைத் தேய்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள். "அம்மா நல்லா இருந்திருந்தா முன்னாடியே பார்த்திருப்பாங்களா பெரியம்மா?"

"பார்த்திருப்பா" என்றாள் பெரியம்மா.