வெடித்த கிளாரினெட்டும் தறி நூலும்

பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதுகிறவனுக்கு மூச்சைக் காட்டிலும் பொறுமைதான் அதிகம் வேண்டும். வாத்தியத்தோடு குப்பை கொட்டுகிற யாருக்கும் இது தெரியும். என்னிடம் இரண்டு உண்டு. ஒன்று மரம், ஒன்று பிளாஸ்டிக். மரம் எனக்கு உயிர். எங்கள் செட்டு முதலாளிக்கு அதைக் கண்டாலே ஆகாது.

வெயில்

கரிவலம்வந்தநல்லூரில் உச்சி வெயிலில் மாப்பிள்ளை ஊர்வலம். மரம் காய்ந்து வெடித்துவிடும் என்று பிளாஸ்டிக்கை எடுத்தேன். அது வெயிலுக்கு அசையவில்லை. ஆனால் கீழ் சுரங்களில் மரத்தின் கனம் வரவே இல்லை. புலம்பினேன். முதலாளி சொன்னார்: “ஏலே, வேட்டுச் சத்தத்துல மரம் என்ன, பிளாஸ்டிக் என்ன? ரோட்டுல எவம்லே காது குடுத்துக் கேக்கான்?”

நெருப்பு

ஒரு கோயில் கொடை விழா. விடியற்காலைப் பனி. மரக் கிளாரினெட்டைப் பாயில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். தப்படிக்கும் சுடலை அண்ணன் வைக்கோலைக் கொளுத்தித் தப்பின் தோலைக் காய்ச்சியவர், எனக்கும் உதவியாக இருக்கட்டும் என்று கிளாரினெட்டையும் தீயில் காட்டியிருக்கிறார்.

மேல் துண்டில் நீளமாக விரிசல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுடலை அண்ணன் பதறினார்: “தோலக் காய்ச்சுனா சத்தம் ஏறும்லா? கட்டைக்கும் ஏறும்னு நெனச்சுட்டேன் தம்பி.”

நூல்

தூக்கிப் போடச் சொன்னார் முதலாளி. அடுத்த முகூர்த்தத்துக்குள் இதை ஊத வைக்காமல் விடுவதில்லை என்று எனக்கு வீம்பு. விரிசலில் மரத்தூளும் பசையும் அடைத்தேன். பக்கத்து வீட்டு மாரியம்மாள் அக்கா விசைத்தறியில் வேலை பார்க்கிறவர். நூலை இழுத்து நெருக்கமாகச் சுற்றினார். ஊதினால் காற்று கசிந்தது. பிரித்தோம், அடைத்தோம், மறுபடி சுற்றினோம். மறுபடியும் கசிந்தது. நான் சோர்ந்து உட்கார்ந்ததும் அக்கா அதட்டினார்: “அறுந்த இழைய நாளெல்லாம் முடிஞ்சு ஓட்டுதோம், இதுக்கு என்ன கேடு? ஒழுங்காப் புடி.” மூன்றாவது தடவை சுற்றியதும் கசிவு நின்ற மாதிரி இருந்தது.

மண்டபம்

சங்கரன்கோவிலில் கல்யாண வரவேற்பு. நூல் சுற்றிய மரத்தைப் பார்த்ததும் முதலாளி முகம் கடுகடுத்தது. நடுவில் சத்தம் நின்றால் நாளை முதல் வேலைக்கு வரவேண்டாம் என்றார். சரி என்று வாயில் வைத்தேன். கீழ் சுரத்தில் இறங்கினேன். ஒரு பொட்டுக் காற்று கசியவில்லை. பழைய கனம் அப்படியே வந்தது. பந்திக்கு எழுந்தவர்கள் சிலர் திரும்ப உட்கார்ந்தார்கள்.

முடிந்ததும் முதலாளி நூலைத் தடவிப் பார்த்தார். “இத ரோட்டுக்குக் கொண்டு வராதேயும் வே. மண்டபத்துக்கு இதத்தான் எடுத்துட்டு வரணும்.”

ரோட்டுக்குப் பிளாஸ்டிக், மண்டபத்துக்கு மரம் என்று முடிவான பிறகும், எங்காவது வைக்கோல் புகையக் கண்டால் இரண்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் டீ குடிக்கிறேன்.