ஜெயசீலியின் கம்பு வைத்தியம்

"அக்கா, ஜன்னலை உடைச்சிடப் போறீங்க!" மூன்றாம் மாடிச் சமையலறையிலிருந்து சந்திரிகா கத்துகிறாள். கீழே, கார் நிறுத்த வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு, ஒரு நீளக் கம்பின் நுனியால் அந்த ஜன்னல் கம்பியைத் தட்டிக்கொண்டிருக்கிறாள் ஜெயசீலி. "உடையாதுடி. கம்பு நிக்குதான்னு பாக்குறேன். இன்னிக்கு இன்னா போட்ட?" மேலே இருப்பவள் இரண்டு வடையைப் பையில் கட்டி நுனியில் மாட்டிவிடுகிறாள். கம்பு லேசாக வளைந்து ஆடி, ஒவ்வொரு மூட்டாக மடங்கி இறங்குகிறது. வடை பத்திரமாக வந்து சேர்ந்தால் கம்பு பாஸ். நடுவில் மூட்டு வழுக்கி வடை மண்ணில் விழுந்தால் கம்பு ஃபெயில், தெரு நாய்க்குக் கொண்டாட்டம்.

இரும்புலியூரில் ஜெயசீலி வீட்டைக் கேட்டால் "கம்பு டாக்டரா?" என்பார்கள். தரையில் நின்றபடியே உயரமான கண்ணாடிகளைத் துடைக்கும் கம்புகளுக்குத்தான் அங்கே வைத்தியம். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், அதற்குள் இன்னொன்று. இழுத்து நீட்டி மூட்டுக்கு மூட்டு கிளாம்பைப் பூட்டினால் மூன்று மாடிக்குப் போகும். தாம்பரம் தொடங்கி வண்டலூர் வரைக்கும் கண்ணாடி துடைக்கிறவர்களின் கம்பு மக்கர் பண்ணினால் வந்து நிற்கிற இடம் இதுதான். அவளும் வருஷக்கணக்கில் துடைத்தவள். அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்து போயே போய்விட்டது. "மேல பாக்காதன்னு டாக்டரு சொல்ட்டாரு. கர்த்தரத் தவிர வேற யாரையும் நான் மேல பாக்கறதில்ல" என்பாள். அதனால் கம்பு ஜன்னலைத் தொட்டதா இல்லையா என்பதைக் கையாலேயே தெரிந்துகொள்கிறாள்.

சுவரோரமாக வரிசையாய்ச் சாய்ந்திருக்கும் கம்புகளுக்கு ஆளுக்கொரு நிறத்தில் தலை ரிப்பன். எது யாருடையது என்று தெரியவேண்டுமே! அவசரத்துக்கு ஒன்றை இரவல் கேட்டால் ஜெயசீலிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "ஆஸ்பத்திரில படுத்துகினு கீறவன எயுப்பி வேலைக்கு இட்டுனு போவியா நீ?" ஈரத்தோடு மடக்கிக்கொண்டு வருபவர்களுக்கும் அர்ச்சனை உண்டு. போர் தண்ணீரின் உப்பு உள்ளே படிந்து குழாயை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கிறார்களா?

ஆனால் போன வெள்ளிக்கிழமை கிரீஷ் கொண்டுவந்த நோயை அவளும் பார்த்ததில்லை.

கிரீஷ் பீர்க்கன்கரணைக்காரன். இத்தனை நாளும் யாரோ ஒருவரிடம் கூலிக்குத் துடைத்தவன், அன்றுதான் முதல்முதலாகச் சொந்தமாக ஒரு வேலை பிடித்திருந்தான். வண்டலூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபம், முகப்பு முழுக்கக் கண்ணாடி. சாயங்காலம் ரிசப்ஷன். பெண் வீட்டார் வருவதற்குள் கண்ணாடி பளபளவென்று இருந்தால் இனி மாதா மாதம் அவனுக்கே என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மதியம் ஷேர் ஆட்டோவில், பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, மடக்கிய கம்போடு வந்து இறங்கினான். முகத்தில் ஈயாடவில்லை.

"நீள மாட்டேங்குதுக்கா. அப்டியே புடிச்சிக்கிச்சு."

ஜெயசீலி கம்பை மூக்கருகே கொண்டுபோனாள். ஒரு முறை மோந்தாள். சந்தேகமாக இன்னொரு முறை மோந்தாள்.

"டேய், இன்னாடா இது, தேங்கா எண்ணயா?"

"டைட்டா இருந்துச்சுக்கா. போட்டா ஸ்மூத்தா வரும்னு..."

"வந்துச்சா?"

"நல்லா வந்துச்சுக்கா. ஆனா நிக்கல. நீட்டுனா சர்ருனு உள்ள போயிடுது. அப்புறம் ரோட்டுத் தூசியெல்லாம் ஒட்டிக்கினு மொத்தமா மாட்டிக்கிச்சு."

"அடப்பாவி! தலைக்குத் தேய்க்கறத கம்புக்குத் தேச்சிகினு வந்து நிக்கிறியே! பின்னி வுட்டு பூ வெச்சிருக்கலாமே!" சத்தம் கேட்டு எட்டிப்பார்த்த சந்திரிகா சிரித்த சிரிப்பில் கிரீஷுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் ஜெயசீலியின் குரல் இறங்கிற்று. "சரி வுடு. அழுதுகினு நின்னா கண்ணாடி தொடைச்சிக்குமா? ஏ சந்திரிகா, ஒரு பக்கெட்டு சுடுதண்ணி கொண்டா!"

வெளிக்குழாய் மேல் சுடுதண்ணீர்த் துணியைச் சுற்றிக் கொஞ்ச நேரம் விட்டார்கள். பிறகு அவள் ஒரு முனை, அவன் ஒரு முனை. கோயில் திருவிழாவில் கயிறு இழுப்பதுபோல் இழுத்த இழுப்பில் பொட்டென்று விடுபட்டது. கிரீஷ் பக்கெட்டோடு சேர்ந்து மல்லாந்தான். குழாய்களைத் தனித்தனியாகப் பிரித்து, பாத்திரம் விளக்கும் சோப்பால் தேய்த்து, கயிற்றில் துணி கட்டி உள்ளுக்குள் இழுத்துத் துடைத்தாள். வந்த கறுப்பைக் கண்ணுக்கு மையாக இடலாம். கிளாம்புகளை மட்டும் அவனிடம் விடவில்லை. ஸ்பிரிட் தொட்டுத் தானே துடைத்தாள். "இதுக்குள்ள ஒரு சொட்டு எண்ண கீதுன்னா போதும், மேல போயி உன் கால வாரிடும்." தேய்ந்துபோயிருந்த ஒரு கிளாம்புக்குள் சைக்கிள் டியூப்பைச் சின்னதாய் வெட்டி வைத்து இறுக்கினாள். வடை சுட்டுப் பார்க்க நேரமில்லை. கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, "கெளம்பு, நானும் வரேன்" என்றாள்.

மண்டப வாசலில் மேனேஜர் அனந்தகிருஷ்ணன் போனும் கையுமாக நின்றார். "வேற ஆளைக் கூப்பிடலாம்னு இருந்தேன் தம்பி."

"கூப்புடாதீங்க சார், செலவு மிச்சம்" என்றாள் ஜெயசீலி.

கம்பு நீண்டது. ஒவ்வொரு கிளாம்பும் டக்கென்று பூட்டியது. உச்சிக் கண்ணாடியில் புறாக்கள் நிறைய கைவரிசை காட்டியிருந்தன; அங்கே பிரஷை அழுத்தியாக வேண்டும். கிரீஷ் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். ஜெயசீலி மேலே பார்க்கவில்லை, கீழ்மூட்டைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். குழாய் லேசாக நடுங்கியது. வழுக்கவில்லை. "நிக்குதுடா! அமுக்கு, நல்லா அமுக்கு!" என்று அவள் போட்ட சத்தத்தில் பூ அலங்காரக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

எல்லாம் முடிந்ததும் அனந்தகிருஷ்ணன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தார். குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. "அடுத்த மாசமும் நீயே வந்துடு" என்றார். கிரீஷ் சந்தோஷம் தாங்காமல் கண்ணாடியிலேயே நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். "டேய், எண்ணத் தலைய எடுடா!" அந்த இடத்தை ஜெயசீலி தேய்த்துத் துடைத்தாள். அதோடு விட்டாளா? சாய்ந்து நின்ற அலங்காரக்காரரை விரட்டினாள், விரல் வைத்த வாட்ச்மேனை முறைத்தாள், எவர் தடம் பட்டாலும் துணியோடு ஓடினாள்.

கல்யாணப் பெண்ணின் கார் வந்து நின்றது. இறங்கியவள் படியேறும்போது செருப்பு இடற, சட்டென்று கண்ணாடியில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டாள். அப்படியே தன் முகத்தைப் பார்த்தாள். கோணியிருந்த நெற்றிச்சுட்டியை நேராக்கி, தனக்குத்தானே ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு உள்ளே போனாள். கண்ணாடியில் மருதாணிக் கையின் ஐந்து விரலும் அப்படியே இருந்தன.

கிரீஷ் துணியோடு பாய்ந்தான். ஜெயசீலி அதை அவன் கையிலிருந்து பிடுங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.