சீமாட்டியின் கணவர் பெயர் என்ன?

பின்னட்டைக் குறிப்பு எழுத உட்கார்ந்த மார்கரெட் பாதியில் நிறுத்திவிட்டு, "இந்தக் கதையில புருஷன் பேர் என்ன?" என்று கேட்டார். அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

லண்டனில் சரித்திர நாவல்கள் மட்டும் போடும் ஒரு சின்னப் பதிப்பகத்தில் நான் அப்போது காப்பி எடிட்டர். மார்கரெட் எங்கள் முதலாளி. பழைய இங்கிலாந்து அரசவைச் சீமாட்டிகள் என்றால் எங்கள் வாசகர்களுக்கு உயிர். எந்த ராணிக்கு யார் தலை வாரினாள், யாருடைய கணவன் சிறைக்குப் போனான் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. சின்னப் பிழை என்றாலும் மெயில் வந்துவிடும்.

மேனுஸ்கிரிப்டை வரி வரியாகப் படித்தவள் நான்தான். பெயர் நாக்கு நுனியில் நிற்பது போலிருந்தது. ஃபைலில் தேடினேன், எங்கேயும் இல்லை. கதையைச் சொல்பவளே அந்தச் சீமாட்டி. முதல் பக்கம் தொட்டுக் கடைசிப் பக்கம் வரை "என் பிரபு" என்றே சொல்லிக்கொண்டு போகிறாள். அந்தக் காலத்துச் சீமாட்டிகள் அப்படித்தானே பேசுவார்கள் என்று எல்லோரும் தாண்டிப் போய்விட்டோம்.

சிக்கல் முக்கியமான காட்சியில். கணவன் மேல் ராஜத்துரோகக் குற்றம், விடிந்தால் தலை போகும். அவள் சபையில் மண்டியிட்டு, "என் பிரபுவுக்கு உயிர்ப்பிச்சை தாருங்கள்" என்கிறாள். மன்னர் தலையசைக்கிறார்.

"சிறை முழுக்கப் பிரபுக்கள். ராஜா இப்ப யாரை விடுதலை பண்றார்?" என்றார் மார்கரெட். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணலைன்னா இந்த சீசன் லிஸ்ட்ல இந்த புக் கிடையாது."

வெளியீட்டு லிஸ்டிலிருந்து ஒரு தடவை விழுந்துவிட்டால், புது எழுத்தாளர் ஒருவரின் முதல் நாவல் மறுபடி எழுந்து நான் பார்த்ததில்லை. எழுதிய வசந்தா யாழ்ப்பாணத்துக்காரி, தெற்கு லண்டன் பக்கம் சட்டன் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடைக் கவுண்டரில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து வருடக்கணக்காக உட்கார்ந்து எழுதிய புத்தகம் அது. இங்கிலீஷில் எழுதுவார், தமிழில் சண்டை போடுவார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஃபோனில் பேசித் தீராது என்று டிராம் பிடித்து, பக்கத்து ஊரான மிட்சமில் இருந்த அவர் வீட்டுக்கே போனேன்.

"வாங்கோ அக்கா" என்றார். அவர் கணவர் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனார்.

"வசந்தா, உன் பிரபுவுக்குப் பேரே இல்லையேம்மா?"

"இருக்கு அக்கா. எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் எழுதல?"

அவருக்கே அப்போதுதான் உறைத்தது. "அவ எப்பிடி அக்கா மனுசன்ர பேரைச் சொல்லுவா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. சிங்கப்பூரில் என் அம்மாவும் அப்படித்தான் இருந்தார். வசந்தா இன்றும் டாக்டர் ரிசப்ஷனில் கணவர் பெயரைக் கேட்டால் வாய் திறக்காமல் கார்டை நீட்டுகிறவர். தன் வழக்கத்தைத் தன்னை அறியாமலே ஓர் ஆங்கிலச் சீமாட்டிக்குக் கொடுத்திருந்தார்.

"சரி, வேலைக்காரன் வாயில பேரைப் போட்டுடுவோம்" என்றேன்.

"ஓம், அது ஏலும்." அவருக்கு நிம்மதி. ஆனால் அந்தக் காட்சியை இன்னொரு தடவை படித்தபோது எனக்கு மனசு வரவில்லை.

"வேணாம் வசந்தா. 'எந்தப் பிரபு?'ன்னு ராஜா கேக்கட்டும். இவளே சொல்லட்டும்."

வசந்தாவின் முகம் மாறிவிட்டது. "ஏலாது அக்கா. பேரைச் சொன்னா அவருக்கு ஆயுள் குறையும் எண்டுதானே சொல்லாமல் இருக்கிறது."

"இங்க சொல்லலைன்னா தலையே போயிடும்."

தேத்தண்ணியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். வலிந்து கேட்டுவிட்டோமோ என்று வழியெல்லாம் உறுத்தல்.

வியாழக்கிழமை ஃபோன் வந்தது. எழுதியதை வாசித்துக் காட்டினார். மன்னர் கேட்கிறார். சபை காத்திருக்கிறது. சொன்னால் அவன் ஆயுளுக்குக் கேடு என்று பயந்தவள், சொல்லாவிட்டால் நாளைக்கு அவன் இல்லை என்று தெரிந்து வாயைத் திறக்கிறாள். அந்த இடத்தில் வசந்தா நிறுத்திவிட்டார். பிறகு, "ரிச்சர்ட்" என்றார். நான் அழுதுவிட்டேன்.

மறுநாள் மார்கரெட் அந்தப் பக்கத்தைப் படித்தார். "இதுல யாரும் கை வைக்காதீங்க" என்றார். புத்தகம் லிஸ்டில் நின்றது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஓரிடம் காலியாக இருந்தால் உடனே நிரப்பாதீர்கள். ஏன் விட்டீர்கள் என்று எழுதியவரைக் கேளுங்கள். நான் மார்ஜினில் ஏதாவது ஒரு பெயரைக் கிறுக்கியிருந்தால் பிழை சரியாகியிருக்கும், அந்தக் காட்சி கிடைத்திருக்காது.

அந்த வியாழக்கிழமை வாசித்து முடித்த கையோடு வசந்தா குசினிப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டது எனக்கு ஃபோனில் கேட்டது.

"சிவபாலன், சாப்பிட வாங்கோ."

பதில் வரக் கொஞ்ச நேரமானது. "ஓம், வாறன்" என்றார் அவர் கணவர்.