முட்டி போட்டு விற்ற சோப்பு

மகளின் புத்தகப்பையில் சோப்பு மணத்தது. கூடவே பள்ளியிலிருந்து ஒரு கடிதம்: அங்கே காய்ச்சக் கற்ற சோப்பை அவள் வகுப்பில் விற்றாளாம், நான் மன்னிப்பு எழுதித் தரவேண்டுமாம்.

அறுபதுகளில், திண்டுக்கல் பள்ளியில் எங்களுக்கும் சோப்பு காய்ச்சக் கற்றுக்கொடுத்தார்கள். தேங்காயெண்ணெயும் காஸ்டிக் சோடாவும் கொதிக்கும் நெடியில் கண் எரியும். நான் வீட்டிலும் காய்ச்சி வகுப்பில் விற்றேன். தலைமையாசிரியை என்னை வராந்தாவில் முட்டி போடவைத்தார்.

"படிக்க வந்தியா, யாவாரம் பண்ண வந்தியாடி? இன்னொரு கட்டி வித்தே, டி.சி.யக் கிழிச்சிருவேன்."

பெருக்கிக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்தாள். "ஏத்தா, எனக்கொரு கட்டி குடு. நம்மூரு உப்புத்தண்ணிக்குக் கடைச் சோப்பு நுரைக்கவே மாட்டேங்குது."

தலைமையாசிரியை பார்க்கப் பார்க்க, முட்டி போட்டபடியே பையிலிருந்து ஒரு கட்டி எடுத்து விற்றேன். அவர் உள்ளே போய்விட்டார்.

மகளின் பள்ளிக்கு நான் மன்னிப்பு எழுதவில்லை. 'காய்ச்சக் கற்றுத்தரும் பள்ளி, விற்கவும் கற்றுத்தரட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.