காலியாக இருந்த ஐந்து கட்டங்கள்

என் மனைவியின் போன் இப்போது என்னிடம் இருக்கிறது. சிம்மை எடுத்தாகிவிட்டது. அவள் ஆடிக்கொண்டிருந்த வார்த்தை விளையாட்டுக்காக மட்டும் அதை சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன்.

திரையின் கீழே ஒரு வட்டத்துக்குள் ஆறு இங்கிலீஷ் எழுத்துகள் இருக்கும். விரலால் இழுத்து அவற்றைச் சேர்க்க வேண்டும். சரியான வார்த்தை என்றால் மேலே இருக்கிற கட்டங்களில் போய் உட்காரும். தப்பு என்றால் போன் லேசாக அதிரும், அவ்வளவுதான். எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டால் அந்தத் திரை போய், வேறு எழுத்துகள் வந்துவிடும்.

அவளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ். ஊசி ஏற்றிய இடது கையை அசைக்கக் கூடாது. வலது கையால் இதை ஆடுவாள். பன்னிரண்டாவது படித்தவள், கல்யாணத்துக்கு முன்பு வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் ஐந்தாவதோடு நின்றவன். மணலிப் பக்கம் கண்டெய்னர் யார்டில் வேலை. பெயின்ட் காய்ந்த பெட்டிகள்மேல் எழுத்தும் எண்ணும் ஒட்டுவேன். அதனால் இங்கிலீஷில் பெரிய எழுத்துகள் எல்லாம் உருவம் தெரியும். சேர்த்தால் என்ன ஆகும் என்பது தெரியாது.

பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு வேடிக்கைதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவளுக்குக் கை ஓய்ந்துபோய், போனை என்னிடம் நீட்டினாள்.

"நீ இழுயா."

"எனக்கு இன்னா தெரியும்?"

"எல்லாம் தெரிஞ்சிதான் என்னைக் கட்டிக்கினியா? சும்மா இழு."

கண்டபடி இழுத்தேன். அதிர்ந்தது. மறுபடியும் இழுத்தேன், மறுபடியும் அதிர்ந்தது. நான் வெளியில் வாய் திறக்கக் கூசுகிறவன். மருந்துக்கடையில்கூட மாத்திரைப் பெயரைச் சொல்லாமல் காலி அட்டையைத்தான் நீட்டுவேன். இதில் எத்தனை தப்பு செய்தாலும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தைரியத்தில் இழுத்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று ஒன்று மேலே போய் உட்கார்ந்தது.

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "யோவ், இது எனக்கே தெரியாதுயா."

"அர்த்தம் இன்னா?"

"யாருக்குத் தெரியும். அதுவே ஒத்துக்கிச்சு, உனக்கு இன்னா."

பக்கத்துக் கட்டில் அம்மா சிரித்துவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அடுத்த தடவை ஸ்டூலை இன்னும் நெருக்கிப் போட்டேன்.

அப்புறம் அதுவே வழக்கமானது. தெரிந்த வார்த்தைகளை அவள் போடுவாள். மிச்சம் நிற்பதை நான் இழுத்து இழுத்துப் பார்ப்பேன். நாளாக ஆக அவள் நடுவிலேயே கண்ணை மூடிக்கொள்ள ஆரம்பித்தாள். விழிக்கிறவரை நான் விரலை வைக்க மாட்டேன்.

கடைசியாக அவள் ஆடிய திரையில் பி, எல், ஏ, என், இ, டி இருந்தன. ஒரே ஒரு வார்த்தையைத் தவிர மற்றதை எல்லாம் அவளே போட்டுவிட்டாள். ஐந்து கட்டங்கள் மட்டும் காலி. நர்ஸ் வந்து மிஷினை நிறுத்தவும், "வூட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்று போனைப் பையில் போட்டாள். வீட்டில் அதை எடுக்கவில்லை. மறுநாள் காலையில் மூச்சு வாங்கியது. ஆட்டோ ஆஸ்பத்திரிக்குள் நுழைவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூலக்கொத்தளத்தில் அடக்கம் செய்தோம்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு போனைத் திறந்தேன். அந்தத் திரை அப்படியே இருந்தது. அவளுக்காக முடித்து வைக்கலாம் என்று இழுக்கப் போனேன். அப்போதுதான் உறைத்தது. அந்த வார்த்தை கிடைத்துவிட்டால் அவள் போட்டவை எல்லாமே போய்விடும். விரலை எடுத்துக்கொண்டேன். அதன் பிறகு சாப்பாட்டு நேரத்தில் திறந்து பார்ப்பதோடு சரி. அவள் விரல் இங்கே பட்டது, அடுத்து இங்கே போயிருக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

யார்டில் வெல்டிங் வேலை செய்கிற ஒருவன் தினமும் என்னோடுதான் சாப்பிடுவான். என்னைவிடச் சின்னவன், வாய்க்காரன், நல்லவன். நான் பேசாததையும் சேர்த்து அவனே பேசிவிடுவான். அன்று டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுக் கை கழுவி வந்தவன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமு, இந்த வயசுல இங்கிலீஷ் பரீட்சையா?"

நான் போனை மடியில் சாய்த்தேன்.

"காட்டு மாமு, ரொம்பதான் பிகு பண்ற. இதுக்கா முழிச்சிகினு கீற? பேனல். நாள் பூரா பொட்டில இன்னாத்தத் தட்டிக்கினு கீறோம், அந்த சைடு தகடுதான்."

சொல்லிக்கொண்டே போனை நிமிர்த்தி, ஈர விரலை வைத்து இழுத்துவிட்டான். கட்டங்கள் நிரம்பின. ஏதோ மின்னியது. பிறகு வேறு ஆறு எழுத்துகள் வந்து நின்றன.

"முன்ன இருந்தது திரும்ப வருமா?" என்று கேட்டேன்.

"எது?"

"எங்க வூட்டம்மா ஆடினது. அது போறப்ப அப்படியே வச்சிட்டுப் போச்சு."

வீட்டில் என்ன நடந்தது என்பது அவனுக்குத் தெரியும். சாவுக்கு வந்து தோள் கொடுத்தவன். போனை வாங்கி அங்கே இங்கே அழுத்திப் பார்த்தான். சாப்பாட்டு நேரம் முடிந்து சங்கு ஊதுகிறவரை அழுத்திக்கொண்டே இருந்தான். அவன் டப்பா திறந்தபடியே கிடந்தது.

"வரல மாமு. எனக்குத் தெரியாது மாமு."

"வுடு" என்றேன். போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பான். கோபம் இல்லை. என்றைக்காவது ஒரு நாள் என் விரலே தவறிப் பட்டுப் போயிருக்கும். அதை அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து அவன் கேட் பக்கம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறான். நேற்று என் டப்பாவை எடுத்துக்கொண்டு, என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடி பாதி தூரம் போனேன். அவன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். தண்ணீர்க் குழாய்க்குப் போவதுபோல நானும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன்.