பாட்டில் எண்ணெய் உறைவதில்லை என்று நான் சொன்ன நாள்

ஏழு வருடம் நான் ஒரே கட்சி. மூலக்கூறுகள்தான் நிஜம், திடம், திரவம், சூடு, குளிர் எல்லாம் நாம் வைத்த செல்லப்பெயர்கள். மூலக்கூறுகளின் கணக்கு தெரிந்துவிட்டால் மீதி எல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். இதை முந்நூறு பக்க ஆய்வேடாக எழுதிவிட்டு, கோவையில் ஒரு கல்லூரியில் பொது வாய்மொழித் தேர்வுக்கு நின்றேன். தேறினால் முனைவர். தேறாவிட்டால் என்ன என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

பொது என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம். அதை வீட்டில் சொன்னது என் தப்பு. காங்கேயத்திலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தம் வந்து இறங்கியது. அறை வாசலில் மேசை போட்டு, சந்தனமும் கற்கண்டும் வைத்து, வெளியூர்த் தேர்வாளருக்குப் பன்னீர் தெளித்து உள்ளே அனுப்பினார்கள். அவர் சந்தனப் பொட்டோடு வந்து உட்கார்ந்ததும் எனக்குச் சிரிப்பு முட்டியது. கடைசிவரை அது அடங்கவில்லை.

அவர் கேட்டதற்கெல்லாம் பட்பட்டென்று பதில் சொன்னேன். தலைகால் புரியவில்லை. "சொந்தக்காரங்களுக்கும் புரியற மாதிரி தமிழ்ல கொஞ்சம் சொல்லுங்க," என்றார் என் நெறியாளர். விட்டேனா? அப்பா தேங்காய் எண்ணெய் மில் வைத்திருப்பவர், எண்ணெயையே எடுத்துக்கொண்டேன். கணக்குப்படி, மூலக்கூறுகளின் எண்ணிக்கைக்கு முடிவே இல்லையென்றால்தான் திரவம் சட்டென்று திடமாகும். எண்ணி முடிகிற அளவு என்றால் மாற்றம் இழுபடுமே தவிர, 'இதோ உறைந்தது' என்று கோடு கிழிக்க முடியாது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"கறாராச் சொன்னா, பாட்டில்ல இருக்கற எண்ணெய் உறையறதே இல்லை," என்று ஒரு போடு போட்டேன்.

வந்தவர்களும் கேள்வி கேட்கலாம் என்றதும் அப்பா எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. மார்கழிக் குளிரில் உறைந்தால்தான் சுத்தமான எண்ணெய் என்று சொல்லியே விற்பவர் அவர். சபை மரியாதைக்காக என்னிடமே 'ங்க' போட்டுப் பேசினார்.

"ஏனுங்க கண்ணு, நம்ம பாட்டில்ல எத்தனை மூலக்கூறு இருந்தாலும் எண்ணி முடியற அளவுதானுங்களே? ஆனா மார்கழில கல்லாட்ட உறையுதுங்க. அப்பத் தப்பு எண்ணெய் மேலயா, கணக்கு மேலயாங்க?"

அப்பா பயந்தது வியாபாரத்துக்கு. ஆனால் கை வைத்தது, ஏழு வருடமாக நான் ஓர் அடிக்குறிப்பை வைத்து மூடியிருந்த ஓட்டையில். எந்த எண்ணெயிலும் இல்லாத முடிவிலியைக் கடன் வாங்கித்தான் உறைதலை விளக்குகிறேன் என்றால், மூலக்கூறுகளிலிருந்தே எல்லாம் வந்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது?

"பாட்டில்ல இருக்கற எண்ணிக்கையே ரொம்பப் பெரிசுங்கப்பா. முடிவில்லாததுக்கும் அதுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது," என்று சமாளித்தேன்.

தேர்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப உறையறதுங்கறது மூலக்கூறுலயே இருக்கா, கூட்டம் சேந்தப்புறம் புதுசா வருதா?"

மூலக்கூறிலேயே இருக்கிறது என்று என் கடைசி அத்தியாயத்தில் தடித்த எழுத்தில் விடை இருந்தது.

"தெரியலைங்க சார். என்னோட கடைசி அத்தியாயம் தப்புன்னு நினைக்கறேன்," என்றேன். சொன்னதும் சிரித்துவிட்டேன். எல்லாம் தெரியும் என்று இருந்த ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

தேர்வாளரும் சிரித்தார். பட்டம் தரலாம் என்ற பரிந்துரைத் தாளை இழுத்து, "அந்த அத்தியாயத்தைத் திருத்திக் கொடுத்துடுங்க," என்று மெதுவாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். பின்வரிசையில் இருந்த அப்பாவுக்கு அது கேட்கவில்லை. மகள் சபையில் தெரியவில்லை என்று சொன்னது மட்டும்தான் கேட்டிருந்தது. நாற்காலிகளை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, கையைக் கூப்பினார்.

"சார், நான் கேட்டதுலதானுங்க புள்ள தடுமாறிப்போட்டா. அந்தக் கேள்விய வாபஸ் வாங்கிக்கறனுங்க. எங்க எண்ணெய் உறையாதுன்னே எழுதிக்குங்க."