மச்சாள் செய்த ஏழு கடிவாளங்கள்

மச்சாள் தன் சமையலறையில் நின்றுகொண்டு ஒரு குதிரைக் கடிவாளத்தைத் தன் வாய்க்குள் வைத்துப் பார்த்ததை முதல் தடவை கண்ட அன்று, நான் கையிலிருந்த தேநீரைச் சிந்திவிட்டேன். தலையில் பூட்டும் தோல்வார்களைச் சொல்லவில்லை. குதிரையின் வாய்க்குள் நாக்கின் மேல் கிடக்கும் அந்த இரும்பைச் சொல்கிறேன். குறுக்குக் கம்பி அவருடைய உதடுகளுக்கு நடுவில் இருந்தது. இரண்டு பக்கத் தகடுகளும் கன்னங்களை ஒட்டித் தொங்கின. அவற்றில் வெள்ளி பதித்து, வெள்ளியில் கொடியும் பூவும் வெட்டியிருந்தார். கண்களை மூடியபடி நாக்கைக் கம்பியின் மேல் ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு அதை எடுத்துக் குழாயில் கழுவித் துணியில் துடைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல என்னைப் பார்த்தார்.

"என்ன பாக்கிறாய்? விரலுக்குத் தெரியாதது நாக்குக்குத் தெரியும். அந்தச் சீவனுக்கும் நாக்குத்தானே."

மச்சாள் என் கணவரின் மூத்த சகோதரி. நோர்வேத் தலைநகர் ஒஸ்லோவில், ரொம்சோஸ் பகுதியில் தனியாக இருந்தார். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். பல் வைத்தியர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்துகொடுக்கும் ஒரு ஆய்வுகூடத்தில் அவருக்கு வேலை. பகல் முழுவதும் பூதக்கண்ணாடியின் கீழ், முகம் தெரியாத மனிதர்களின் வாய்க்குள் போகப்போகும் உலோகத்தை உரசிக்கொண்டிருப்பார். அங்கே கூட வேலை செய்த ஒரு நோர்வேப் பெண், முறிந்துபோன கடிவாளம் ஒன்றை ஒட்டித் தர முடியுமா என்று கேட்டு ஒருநாள் கொண்டுவந்தாள். அமெரிக்க மாட்டுப்பண்ணைக்காரர்களின் முறையில் குதிரை ஓட்டுகிறவள் அவள். வார் தளர்ந்து கிடக்க, ஒரு கையாலேயே ஓட்டும் அந்த முறைக்கு ஒஸ்லோவைச் சுற்றியும் ஒரு சிறு கூட்டம் இருக்கிறது என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரியும். மச்சாள் அதை ஒட்டிக் கொடுத்தார். ஒட்டியதோடு நிற்கவில்லை. அந்தக் கடிவாளத்தின் கம்பி எவ்வளவு மோசமாகச் செய்யப்பட்டிருந்தது என்பதே ஒரு கிழமையாக அவருடைய பேச்சாக இருந்தது. "பல்லுக்கு இப்பிடிச் செய்தா என்னை அண்டைக்கே வீட்டை அனுப்பியிருப்பாங்கள்" என்றார்.

அப்படித்தான் தொடங்கினார். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த சாமான் அறையில் ஒரு பட்டறை மேசை போட்டார். வெள்ளித் தகட்டில் செதுக்குவதற்குப் பழகவே ஒரு முழுக் குளிர்காலம் போனது. உளியை உள்ளங்கையில் அணைத்து, வெட்டும் கையை அசைக்காமல் வெள்ளியை அதன் முனைக்கு எதிராகத் திருப்புவார். சுருள் சுருளாக வெள்ளி நூல் எழும்பி விழும். வெட்டின சாய்வில் வெளிச்சம் பட்டுப் பூவிதழ் மின்னும். ஆனால் அவருடைய பெருமை அதில் இல்லை. கம்பியில்தான். மெல்லத் துருப்பிடிக்கும் இரும்பையே அதற்கு வைப்பார். அந்தத் துருவின் சுவை குதிரைக்குப் பிடிக்குமாம். அதில் சிறு பள்ளங்கள் வெட்டி, செப்புக் கீற்றுகளை அடித்து இறக்குவார். செம்பு பட்டால் வாய் ஊறும், வாய் ஊறினால் தாடை இளகும் என்பார். இப்படி இரண்டு வருடங்களில் ஏழு கடிவாளங்கள் செய்தார். ஏழும் ஏழு குதிரைக்காரர்களின் கைக்குப் போயின.

என்னுடைய பங்கு தொலைபேசி. நான் ஒன்பது வயதில் நோர்வேக்கு வந்தவள். மோர்டென்ஸ்ருடில் ஒரு பாலர் பள்ளியில் வேலை செய்கிறேன். நோர்வே மொழி எனக்கு யோசிக்காமல் வரும். மச்சாளுக்கு நேரில் நன்றாகக் கதைக்க வரும். தொலைபேசியில் ஊருக்கொரு உச்சரிப்பில் ஆட்கள் கதைத்தால் தடுமாறுவார். அதனால் கடிவாள விஷயமாக எடுக்கிறவர்களுக்கு என் எண்ணையே கொடுத்திருந்தார். உண்மையைச் சொன்னால், எனக்கு அது பெரிய சந்தோஷம். குதிரைக்காரர்கள் தங்களுக்குள் படங்கள் பகிர்ந்துகொள்ளும் இணையக் குழுவில் மச்சாளின் வேலையைப் போட்டு, இதைச் செய்தவர் யார் என்று ஆட்கள் கேட்பதைப் பார்க்கும்போது, அந்த உளியை நானே பிடித்தது போல நெஞ்சு நிமிரும்.

ஆறாவது கடிவாளத்தை வாங்கியவர் டிராம் ஓட்டுகிற ஒரு பெண். ஐம்பது வயதைத் தாண்டியவர். லில்லெஸ்ட்ரோமுக்கு அப்பால் ஒரு லாயத்தில் சாம்பல் நிறப் பெண்குதிரை ஒன்று வைத்திருந்தார். பனி உருகியதும் காட்டோரங்களில் முதலில் பூக்கும் சின்ன நீலப் பூவைத் தகட்டில் வெட்டித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார். கோடை தொடக்கத்தில் நடக்கவிருந்த ஒரு குதிரைக்காரர் கூடலில், அந்தக் கடிவாளத்தோடு அவர் ஓட்டிக் காட்டுவதாக இருந்தது. மச்சாளுக்கு அங்கே ஒரு மேசையும் ஒதுக்கியிருந்தார்கள்.

வசந்தத்தில் ஒருநாள் மத்தியானம் அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். குரல் சுருங்கிப்போயிருந்தது. குதிரை தலையை உதறுகிறது, நேற்று நுரையில் இரத்தம் கண்டேன் என்றார். பயிற்சியாளர், வாரை இழுக்கும் என் கைதான் கடினம் என்கிறார், ஆனால் ஒருவேளை கடிவாளமாக இருக்குமா என்று கேட்டார். நான் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "நிச்சயமாக இருக்காது. ஒவ்வொன்றையும் தன் நாக்காலேயே சோதித்துத்தான் கொடுக்கிறார்" என்றேன். அவர், "அப்படியானால் என் கைதான்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இதை நான் மச்சாளுக்குச் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை. கூடல் முடியட்டும் என்று நினைத்தேன். வீணாக அவரைக் குழப்புவானேன் என்று எனக்கே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் இருக்கும். மூன்றாவது கடிவாளத்தை வாங்கியிருந்த ஒரு தச்சர், வளையம் ஒன்று நெளிந்துவிட்டதென்று அதை மச்சாளிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அன்று சனிக்கிழமை. நான் போனபோது மச்சாள் சமையலறை மேசைக்கு முன்னால் இருந்தார். கீழுதட்டில் துணியை அழுத்திப் பிடித்திருந்தார். துணியில் ஒரு பொட்டு இரத்தம்.

"பார்" என்று பூதக்கண்ணாடியைத் தந்தார். செப்புக் கீற்றின் ஒரு ஓரம் மயிரிழை அளவுக்கு எழும்பியிருந்தது. அவ்வளவுதான். அடியில் இரும்பு துருப்பிடித்துப் பருத்து, செம்பை மேலே தள்ளியிருக்கிறது.

"நான் குடுக்கேக்கை வழுவழு எண்டுதான் இருந்தது. பள்ளத்தை உள்பக்கம் அகட்டி வெட்டியிருக்கோணும். நான் நேரா வெட்டிப்போட்டன். செம்பைப் பிடிச்சு வைக்க ஒண்டும் இல்லை." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏழும் இப்பிடித்தான் வெட்டினனான். எல்லாருக்கும் போன் அடி. இண்டைக்கே அடி. குதிரையின்ரை வாயிலை இருந்து எடுக்கச் சொல்லு."

அப்போதுதான் சொன்னேன், டிராம் ஓட்டும் பெண் தொலைபேசி எடுத்ததை, நான் சொன்ன பதிலை. மச்சாள் எழுந்துபோய், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சோற்றை இறக்கி வைத்தார். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"எப்ப எடுத்தவ?"

"ஒரு மாசம் இருக்கும், மச்சாள்."

"அந்த ஒரு மாசமும் அந்தக் குதிரை அதைத்தானே வாயிலை வைச்சிருந்தது."

அவர் என்னைத் திட்டியிருந்தால் அழுதிருப்பேன், ஆறியிருக்கும். அவர் திட்டவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "காரை எடு" என்றார். போகும் வழியில், கார் ஒலிபெருக்கி வழியாகவே, மற்ற ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். டிராம் ஓட்டும் பெண்ணை மட்டும் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார் மச்சாள்.

லாயத்தின் வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை இருக்கிறது. வைக்கோல் வந்த நாள், யார் யாருக்குத் துப்புரவு முறை என்று தாள்கள் குத்தியிருக்கும். அவற்றுக்கு நடுவில் அந்தச் சாம்பல் குதிரையின் படத்தைக் கண்டேன். 'நல்ல கைகளுக்கு விற்பனைக்கு' என்று எழுதியிருந்தது. அந்த வரியை மச்சாளும் வாசித்தார். வாசித்துவிட்டு என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்தப் பெண் உள்ளே குதிரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மச்சாள் கடிவாளத்தைக் கேட்டு வாங்கி, விரலால் தடவி, அதே இடத்தில் அவருடைய விரலையும் பிடித்து வைத்தார். ஐந்து கீற்றுகளில் இரண்டு எழும்பியிருந்தன. "இது என் பிழை. உங்கள் கை இல்லை" என்று தன் நோர்வே மொழியில், ஒவ்வொரு சொல்லாக, தடுமாறாமல் சொன்னார். அந்தப் பெண் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு மாதமாக இந்தக் கைகளை வெறுத்தேன்" என்றார். "வேலையில் பிரேக் பிடிக்கும்போதுகூட, பின்னால் நிற்கிற ஆட்களை நான் உலுக்குகிறேனோ என்று நினைத்தேன்."

நான் என் பங்கைச் சொன்னேன். மச்சாளுக்கு அந்த அழைப்பே தெரியாது, மறைத்தது நான் என்றேன். அந்தப் பெண் என்னை நேராகப் பார்த்தார். கோபம் இருந்தது. அதை ஒளிக்கவும் இல்லை.

"நீங்கள் அன்றைக்கு 'தெரியாது' என்று சொல்லியிருக்கலாம்" என்றார். "அந்த ஒரு சொல் போதும். நான் அன்றே கழற்றியிருப்பேன்."

இத்தனை வருடங்களில் யாரும் என்னிடம் சொன்ன வார்த்தைகளில் இதைப் போல ஒன்று உள்ளே இறங்கியதில்லை. எனக்கு வாயெடுத்தால் வருகிற மொழிதான் அது. அதில் அந்தச் சின்னச் சொல் மட்டும் அன்றைக்கு வராமல் போனது.

அந்தப் பெண் வாசலுக்குப் போய் அந்த விற்பனைத் தாளைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மச்சாள் கேட்டபடி, குதிரையின் உதட்டை மெதுவாக விலக்கிக் காட்டினார். நாக்கின் ஓரத்தில் ஆறாத ஒரு கோடு. மச்சாள் தொடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். பல் செய்கிற அத்தனை வருடங்களிலும் தன் வேலை போய்ச் சேர்ந்த ஒரு வாயை அவர் கண்டது அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னார்.

திரும்பி வரும்போது காரில் மச்சாளே பேச்சை எடுத்தார்.

"நீ என்ரை மானத்தைக் காக்கப் பாத்தனி. அது எனக்கு விளங்குது. ஆனா என்ரை மானம் அந்தக் குதிரையின்ரை வாய்க்குள்ளை எல்லோ கிடந்தது."

கூடலுக்கு மச்சாள் போகவில்லை. ஒதுக்கிய மேசையை வேறு யாருக்கோ கொடுத்தார்கள். ஏழில் ஆறு திரும்பி வந்தன. ஏழாவதை வாங்கியவர், அது வரவேற்பறைச் சுவரில்தான் தொங்குகிறது, திருப்பித் தர மாட்டேன் என்றார். மச்சாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறடோடு போய், அவருடைய வீட்டு வாசற்படியில் குந்தியிருந்து, செப்புக் கீற்றுகளைப் பிடுங்கிவிட்டு வந்தார். "நாளைக்கு ஆராவது அதைக் குதிரைக்குப் போட்டா?" என்பதுதான் அவருடைய விளக்கம். மற்ற ஆறுக்கும் புதுக் கம்பி செய்தார். இருவர் அதற்குப் பிறகு அவரிடம் வரவில்லை. அதில் ஒருவர் இணையக் குழுவில் கடுமையாக எழுதினார். நான் பதில் எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. அவர் சொல்லுறது சரி எண்டு எழுது" என்றார். எழுதினேன். அப்படி ஒரு பதிலைத் தட்டச்சு செய்ய எனக்கு அரை மணித்தியாலம் எடுத்தது.

சாம்பல் குதிரையின் கதை வேறு. நாக்கு ஆறிய பிறகு மச்சாள் செம்பே இல்லாத வெறும் இரும்புக் கம்பி செய்து, அதே நீலப்பூத் தகடுகளில் பொருத்திக் கொண்டுபோனார். தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துச் சூடாக்கி நீட்டினார். குதிரை பல்லை இறுக்கிக்கொண்டு தலையை மேலே தூக்கியது. அடுத்த கிழமையும் அப்படித்தான். அந்தப் பெண் கட்டாயப்படுத்தவில்லை. மூக்குக்கு மேலால் போகும் ஒரு கயிற்றுப் பட்டியோடு ஓட்டப் பழகிக்கொண்டார். காட்டுப் பாதையில் அவர் குதிரை மேலேயும் மச்சாள் பக்கத்தில் நடந்தும் கதைத்துக்கொண்டு போவார்கள். நான் பின்னால் போவேன். என்னோடு அந்தப் பெண் பழையபடி கதைக்க ஒரு வருடம் ஆனது. அவ்வப்போது இரும்பை நீட்டிப் பார்ப்பார். குதிரை முகத்தைத் திருப்பும். "வேண்டாம் எண்டுது" என்று மச்சாள் சொல்வார். அதோடு அன்றைய நாளுக்கு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

இப்போது தொலைபேசியை மச்சாளே எடுக்கிறார். விளங்காவிட்டால் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார். விற்கிற ஒவ்வொரு கடிவாளத்தையும் ஆறு மாதத்தில் தனக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுக்கிறார். இந்த வசந்தத்தில் ஒரு பின்னேரம் நான் ரொம்சோஸில் இருந்தபோது அவருடைய தொலைபேசி அடித்தது. டிராம் ஓட்டும் பெண்ணின் குரல் எனக்கும் கேட்டது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. குதிரை இன்றைக்குத் தானாகவே வாயைத் திறந்து இரும்பை வாங்கிக்கொண்டதாம்.

மச்சாள் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் குரல், ஆய்வுகூடத்தில் வேலைக் கட்டளை வாசிக்கிற குரல்.

"இன்றைக்கு ஓட்ட வேண்டாம்" என்றார். "கழற்றி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வந்து முதலில் அவளுடைய வாயைப் பார்க்கிறேன்."